சாமியைத் தூங்க வைத்த நாத்திகர்

கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்டவர்கள், போடாதவர்கள் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லார் காதிலும் அந்தப் பாட்டு விழுந்துவிடும். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி, டீக்கடை, குருசாமி வீட்டுப் படிபூஜை, மலைக்குப் போகிற வேனில் ராத்திரி எல்லாரும் கண் அயரும்போது டிரைவர் கடைசியாகப் போடும் கேசட் என்று ஹரிவராசனம் ஒலிக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. யார் பாடியது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூட யேசுதாஸ் என்பான். யார் இசை என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே யோசிப்பார்கள். நானும் பல வருஷம் அது ஏதோ காலங்காலமாக வரும் கோயில் மெட்டு, யேசுதாஸ் அதை அப்படியே எடுத்துப் பாடிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது கோயில் மெட்டு இல்லை, சினிமா மெட்டு. 1975இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக ஜி. தேவராஜன் போட்டது. மலையாளிகள் அவரை வெறும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், தேவராஜன் மாஸ்டர் என்பார்கள். கம்யூனிஸ்ட் நாடக மேடையிலிருந்து வந்த மனிதர், கடவுள் நம்பிக்கை கிடையாது, அதை மறைத்ததும் கிடையாது. இதோடு நின்றிருந்தால் ஒரு சுவையான முரண் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வேளாங்கண்ணித் திருவிழாவில் இன்றைக்கும் ஒலிக்கும் 'நீலக்கடலின் ஓரத்தில்' பாட்டும் இவர் இசைதான். குருவாயூர் என்றதும் மலையாளிகள் வாயில் வரும் இரண்டு மூன்று பாட்டுகள், கன்னி மரியாளைப் பற்றிய மிகப் பிரபலமான ஒரு மலையாளப் பாட்டு, எல்லாம் இவர் கணக்கில்தான் வரும். நம்பிக்கை இல்லாத ஒருவர் எப்படி இத்தனை பேரின் நம்பிக்கைக்கு மெட்டுப் போட்டார்? தொழில், காசு வாங்கினார், போட்டார் என்று ஒற்றை வரியில் பதில் சொல்லலாம்தான். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. காசுக்காகப் பக்திப் பாட்டு போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அந்தப் பாட்டுகளில் முக்கால்வாசி இன்று யாருக்கும் நினைவில்லை.

கொல்லம் பக்கத்துப் பரவூரில் பிறந்தவர் (எர்ணாகுளம் பக்கம் இன்னொரு பரவூர் உண்டு, அது வேறு). அப்பா கொச்சு கோவிந்தன் ஆசான் மிருதங்க வித்வான், மகனுக்கு முதல் குருவும் அவர்தான். பையன் கர்நாடகக் கச்சேரி பாடகராகத்தான் வளர்ந்தான், சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டான். அந்த வழியிலேயே போயிருந்தால் திருவனந்தபுரம் வானொலியில் அவ்வப்போது பாடும் ஒரு வித்வானாக இருந்திருப்பார். ஆனால் கச்சேரியில் கீர்த்தனைகளோடு மலையாளக் கவிஞர்களின் கவிதைகளுக்கும் தானே மெட்டமைத்துப் பாட ஆரம்பித்தார். தெரியாத மொழிக் கீர்த்தனையை ராகத்துக்காக ரசிக்கும் கூட்டம், தங்கள் பாஷையில் ஒரு கவிதை வரும்போது சொல்லுக்காகவும் நிமிர்ந்து உட்காரும் இல்லையா, அவர் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். பிற்பாடு செய்ததற்கெல்லாம் விதை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் கே.பி.ஏ.சி. வந்தது. கேரள மக்கள் கலைக்கழகம் என்று தமிழில் சொல்லலாம், 1950இல் தொடங்கிய இடதுசாரி நாடகக் குழு. 1952 டிசம்பரில் கொல்லம் மாவட்டத்துச் சவறையில் தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தை முதல் முறையாக மேடையேற்றினார்கள். 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' என்று தலைப்பு. ஐந்தே வருஷத்தில், 1957இல், கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அதற்கு இந்த நாடகமும் ஒரு காரணம் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்லும் அளவுக்கு அது ஊர் ஊராகப் போனது. நாடகத்தைச் சுமந்துபோனவை அதன் பாட்டுகள். ஓ.என்.வி. குறுப்பு எழுத, தேவராஜன் இசையமைக்க, கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் பாடினார்கள். அதில் முதலில் சொல்ல வேண்டியது 'பொன்னரிவாளம்பிளியில்'. வானத்துப் பிறை நிலாவைப் பொன் அரிவாளாகப் பார்க்கும் பாட்டு. கேட்டால் காதல் பாட்டு, நிலாவைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணிடம் காதலன் பாடுகிறான். ஆனால் அரிவாள் அரிவாள்தானே, கூட்டத்துக்கு அது போதும்.

நாடக மேடையை இங்கே கொஞ்சம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை முடிந்த வயல், தென்னந்தோப்பு, கோயில் மைதானம், மூங்கில் நட்டுப் போட்ட பந்தல். சவுண்ட் சிஸ்டம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும், இரண்டாவது தடவை அந்த வரி வரும்போது அவனும் கூடப் பாட வேண்டும், நாடகம் முடிந்து ஓலைப் பந்த வெளிச்சத்தில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அது அவன் வாயில் இருக்க வேண்டும். பிருகாக்களை, அதாவது வேகமாக உருளும் ஸ்வரங்களை, அடுக்கினால் இது நடக்காது. அதற்காகத் தட்டையாகப் போட்டால் மறுநாள் மறந்துபோகும். ராகம் முழுதாகத் தெரிந்த ஒருவர் அதில் எதை விட வேண்டும் என்று தெரிந்து விட்டால்தான் அப்படி ஒரு மெட்டு விழும். தேவராஜன் அங்கே கற்றுக்கொண்டது இதைத்தான், கூட்டம் பாடக்கூடிய பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை. கட்சிக் கூட்டமும் கோயில் கூட்டமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் பாடுகிறவர்களுக்குப் பயிற்சி கிடையாது, சுருதி பிசகும், ஆனாலும் வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்.

1957இல் திருவனந்தபுரத்தில் தியாகிகள் நினைவுத் தூண் திறப்புக்காக வயலார் ராமவர்மா எழுதி இவர் இசையமைத்த 'பலிகுடீரங்ஙளே' இன்னும் கேரளத்துக் கம்யூனிஸ்ட் கூட்டங்களில் ஒலிக்கிறது. எத்தனையோ அஞ்சலிக் கூட்டங்களில் அதைக் கேட்டு எழுந்து நின்றவர்கள் உண்டு. ஒரு வகையில் அதுவும் பக்திப் பாட்டுதான், சாமி மட்டும் வேறு.

சினிமாவுக்கு 1955இலேயே வந்துவிட்டார், 'காலம் மாறுன்னு' என்ற படம். அன்றைய நிலைமையைச் சொன்னால்தான் இவர் வந்ததன் அர்த்தம் புரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மலையாளப் படப் பாட்டு என்றால் பாதிக்குப் பாதி இந்தி மெட்டு அல்லது தமிழ் மெட்டு, அதன்மேல் மலையாள வார்த்தைகளை ஒட்டிவைப்பார்கள். 1954இல் 'நீலக்குயில்' படத்தில் கே. ராகவன் நாட்டுப்புற வாசனையோடு போட்ட பாட்டுகள்தான் இதை உடைத்தன. தட்சிணாமூர்த்தி சுத்தமான கர்நாடக வழியில் போனார், பாபுராஜ் கோழிக்கோட்டு மாடி அறைகளின் இந்துஸ்தானி மெஹ்ஃபில் (இசைக் கூடல்) வாசனையைக் கொண்டுவந்தார். தேவராஜன் நாடக மேடையைக் கொண்டுவந்தார். இந்த நாலு பேரும் ஒரே காலத்தில் இருந்தார்கள் என்பது மலையாளிகளுக்கு அடித்த யோகம்.

1959இல் 'சதுரங்கம்' படத்தில் வயலாரும் தேவராஜனும் முதல் முறையாகச் சினிமாவில் சேர்ந்தார்கள். 1962இல் குஞ்சாக்கோவின் 'பார்யா' வந்தபோது இருவரும் கேரளம் முழுக்கத் தெரிந்த பெயர்கள் ஆகிவிட்டார்கள். அதில் ஏ.எம். ராஜாவும் பி. சுசீலாவும் பாடிய 'பெரியாறே பெரியாறே' பாட்டைத் தமிழர்கள் ஒரு தடவை கேட்க வேண்டும், இரண்டு குரலும் நம் வீட்டுக் குரல்கள்தானே. ஆறு மலையில் பிறந்து கீழே இறங்கிவருவதை ஒரு பெண்பிள்ளை வளர்ந்து வருவதுபோலப் பாடும் பாட்டு அது, எந்த இடத்திலும் அவசரம் இல்லாமல், எந்த இடத்திலும் தேங்காமல் போகும். வயலார் 1975 அக்டோபரில் இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இந்தக் கூட்டணி நீடித்தது. தமிழில் கண்ணதாசன், விஸ்வநாதன் என்று எப்படிச் சேர்த்துச் சொல்வோமோ அப்படி அங்கே வயலார், தேவராஜன். இரண்டு ஜோடிக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

விஸ்வநாதன் தத்தகாரத்தில், அதாவது சொல் இல்லாமல் தனனா என்று, மெட்டைப் பாடிக்காட்ட, கண்ணதாசன் அங்கேயே வரிகளைக் கொட்டுவார் என்பது நமக்கு ஆயிரம் முறை சொல்லப்பட்ட கதை. மெட்டுக்குப் பாட்டு. தேவராஜன் இதற்கு நேர் எதிர். பாட்டு எழுதி வர வேண்டும், அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஆர்மோனியத்தைத் தொடுவார். இதில் அவர் கறார். வெறும் பிடிவாதம் என்று தோன்றலாம், ஆனால் பாட்டின் உடம்பே இதனால் மாறிவிடுகிறது. மெட்டு முதலில் வந்தால் அதற்கு ஒரு சட்டம் இருக்கும், முதல் சரணம் எப்படியோ இரண்டாவதும் அப்படியே, கவிஞர் அளவெடுத்துச் சொல் தைத்துக் கொடுக்க வேண்டியதுதான். கவிதை முதலில் வந்தால் ஒரு வரி நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக இருக்கும், எங்கே கவிஞர் ஒரு சொல்லில் நின்று மூச்சு விடுகிறாரோ அங்கே பாட்டும் நின்றாக வேண்டும். இவர் பாட்டுகளில் பல சரணங்கள் ஒன்றுக்கொன்று வேறு மெட்டில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'கொட்டாரம் வில்க்கானுண்டு' படத்தில் வரும் 'சந்த்ரகளபம் சார்த்தியுறங்ஙும் தீரம்'. நிலாச் சந்தனம் பூசித் தூங்கும் கரை என்று ஆரம்பித்து, இந்தக் கரையில் எனக்கு இன்னும் ஒரு பிறவி தருவாயா என்று கேட்கும் பாட்டு. கரைக்கு மலையாளத்தில் தீரம். அந்தச் சொல்லை வயலார் அடுத்தடுத்த வரிகளின் கடைசியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் குரல் அங்கே வந்ததும் ஓடம் கரை தட்டியதுபோல நிற்கும். அப்புறம் இன்னொரு பிறவி கேட்கும் வரிக்கு வரும்போதுதான் மெட்டு ஏக்கத்தோடு நீள ஆரம்பிக்கும். யேசுதாஸ் ஒரு தடவை, மாதுரி ஒரு தடவை என்று படத்தில் இரண்டு குரலில் வருகிறது. 1975இல் வந்த படம், அதே வருஷம் வயலார் போய்ச் சேர்ந்தார். இன்னொரு பிறவி கேட்ட அந்தப் பாட்டை மலையாளிகள் அவருக்கான இரங்கல் பாட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடவுளையும் மறுபிறவியையும் நம்பாத இரண்டு பேர் உட்கார்ந்து செய்த பாட்டு இது என்று நினைத்துக்கொண்டு கேட்டால் ஒரு மாதிரி இருக்கும்.

சொல் முதலில் என்ற இந்தக் கொள்கையில்தான் நான் முதலில் கேட்ட கேள்விக்கான பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அவருக்கு முக்கியமே இல்லை, எதிரில் இருக்கும் காகிதத்தில் நம்பிக்கை உண்டா என்பதுதான் முக்கியம். காகிதத்தில் ஒரு பெண் கிருஷ்ணனைக் கூப்பிட்டால் கிருஷ்ணனை, தொழிலாளி கொடியைக் கூப்பிட்டால் கொடியை. 1969இல் மட்டும் பாருங்கள். 'அடிமகள்' படத்தில் சுசீலா பாடிய 'செத்தி மந்தாரம் துளசி', அச்சு அசல் குருவாயூர் பக்தி. அதே வருஷம் 'நதி' படத்தில் யேசுதாஸ் பாடிய 'நித்ய விசுத்தயாம் கன்யாமரியமே', மாதாவிடம் ஒரு பிரார்த்தனை. அடுத்த வருஷம் 'ஒதேனன்றெ மகன்' படத்தில் 'குருவாயூரம்பல நடயில்', ஒரு நாள் நான் அந்த நடைக்குப் போவேன், கோபுர வாசலைத் திறப்பேன், கண்ணனைப் பார்ப்பேன் என்று பாடுகிற பாட்டு. இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லாத கோயில் அது, பாடியவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ். அவர் வாழ்க்கையோடு அந்தப் பாட்டு எப்படி ஒட்டிக்கொண்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் அந்த முதல் வரியையே தலைப்பாக வைத்து ஒரு நகைச்சுவைப் படம் வந்து நன்றாக ஓடியது. ஐம்பத்து நாலு வருஷம் கழித்தும் தலைப்பைப் படித்ததும் ஆட்கள் தன்னையறியாமல் அதைப் பாட்டாகத்தான் படித்தார்கள்.

நடுவில், 1972இல், 'அச்சனும் பாப்பயும்' படத்தில் 'மனுஷ்யன் மதங்ஙளெ சிருஷ்டிச்சு' வந்தது. மனிதன் மதங்களைப் படைத்தான், மதங்கள் தெய்வங்களைப் படைத்தன, மூன்றும் சேர்ந்து மண்ணையும் மனசையும் பங்குபோட்டுக்கொண்டன என்று போகும் பாட்டு. எழுதிய வயலாருக்குத் தேசிய விருது, பாடிய யேசுதாஸுக்குத் தேசிய விருது. வயலார், தேவராஜன், யேசுதாஸ் என்ற அதே மூவரணிதான் மூன்று வருஷம் கழித்து 'சுவாமி ஐயப்பன்' பாட்டுகளுக்கும் சேர்ந்தது. அந்தப் படத்தில் வயலாரும் பக்திப் பாட்டு எழுதியிருக்கிறார். யாரும் கட்சி மாறவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. இன்றைக்கு இப்படி நடந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஒரு வாரம் சமூக வலைத்தளத்தில் வைத்துச் செய்துவிடுவார்கள்.

சரி, ஹரிவராசனத்துக்கு வருவோம். அது எட்டுச் செய்யுள் கொண்ட சம்ஸ்கிருத அஷ்டகம், படத்துக்கு முன்பே இருந்தது. எழுதியது கம்பங்குடி குளத்தூர் ஐயர் என்று ஒரு தரப்பும், கோன்னகத்து ஜானகி அம்மா என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன, அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இங்கே நமக்கு வேண்டியது மெட்டு. ராகம் மத்தியமாவதி. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதன் இடம் தெரியும். கடைசியில் பாடும் ராகம், அதுவரை பாடியதில் பிழை இருந்தால் அதைக் கழுவிவிடும் என்று சொல்வார்கள். கோயில் நடை சாத்தும்போது பாட வேண்டிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் எது? கச்சேரி மேடையில் வளர்ந்த ஆள் என்பது இந்தத் தேர்விலேயே தெரிகிறது. மோகன ராகத்தின் இரண்டாவது ஸ்வரமான ரிஷபத்தை ஆதார ஸ்வரமாக (சட்ஜமாக) வைத்துக்கொண்டு அதே ஐந்து ஸ்வரங்களைப் பாடினால் கிடைப்பதுதான் மத்தியமாவதி. காந்தாரமும் தைவதமும் (க, த ஸ்வரங்கள்) இல்லை, அதனால் அழுகையும் இல்லை குதூகலமும் இல்லை, ஒரு சமாதானம் மட்டும் இருக்கும்.

அதை அவர் எப்படிக் கையாண்டார் என்பதுதான் விசேஷம். பெரிய சங்கதி, அதாவது ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் வேலை, ஒன்றுகூடக் கிடையாது. குரல் கொஞ்சம் மேலே ஏறினாலும் உடனே இறங்கி வந்துவிடும். அர்த்தம் புரியாத நீளமான சம்ஸ்கிருதத் தொடர்களை எங்கே உடைத்தால் காதுக்கு இதமாக இருக்குமோ அங்கே உடைத்து, ஒவ்வொரு செய்யுளும் முடியும் இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த 'சரணம் ஐயப்பா'வை வைத்தார். கூட்டத்துக்கு அதுதான் பிடி. மற்ற வரிகள் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் வேன் முழுக்க ஒரே குரலில் பாடும். பழைய வழக்கத்தில் இடையிடையே வந்துகொண்டிருந்த 'சுவாமி' என்ற சொல்லை மெட்டுக்காக எடுத்துவிட்டார். இதில் சிலருக்கு மனக்குறை உண்டு. 2017இல் சபரிமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டு அந்தச் சொல்லையும் சேர்த்து, ஒரு சொல்லின் உச்சரிப்பையும் திருத்தி யேசுதாஸை வைத்தே மறுபடி பதிவு செய்யப்போவதாக அறிவித்தது. சொல்தான் முதலில் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர் இங்கே மட்டும் சொல்லை வெட்டிவிட்டார் என்று குறை சொன்னால், அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'சுவாமி' ஒவ்வொரு முறையும் வந்தால் அது கோஷம், நடைக்கு முன்னால் நின்று எல்லாரும் சேர்ந்து கூப்பிடுவது. அதை எடுத்துவிட்டால் தாலாட்டு. அவர் தாலாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

சபரிமலைச் சன்னிதானத்தில் அத்தாழ பூஜை (இரவுப் பூஜை) முடிந்த பிறகு அந்தப் பாட்டு ஒலிக்கத் தொடங்கும். உதவிப் பூசாரிகள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள், உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், பாட்டு முடியும் நேரத்துக்குக் கதவு சாத்தப்படும். அதுவரை சரணம் விளித்துக்கொண்டிருந்த அவ்வளவு பெரிய கூட்டம் அந்தச் சில நிமிஷம் தணிந்துபோகும். ஒரு சினிமாப் பாட்டு கோயில் சடங்காக மாறுவது சின்ன விஷயம் இல்லை. யாரும் உத்தரவு போட்டு மட்டும் அது நிலைக்காது, கேட்கிறவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு மலையாளப் பாட்டுகள் பதிவானது சென்னையில்தான், தேவராஜன் வாழ்ந்ததும் பெரும்பாலும் சென்னையில், 2006 மார்ச்சில் இறந்ததும் சென்னையில். தமிழில் செய்த படங்கள் குறைவு, ஆனால் தமிழ் 'துலாபாரம்' (1969) ஒன்று போதும். 'காற்றினிலே பெரும் காற்றினிலே' பாட்டை இலங்கை வானொலி காலத்து ஆட்களிடம் சொன்னால் முகமே மாறிவிடும். முந்தைய வருஷம் வந்த மலையாளத் 'துலாபார'த்தில் அதே மெட்டு 'காற்றடிச்சு கொடும் காற்றடிச்சு' என்று வருகிறது, இரண்டிலும் யேசுதாஸ்தான். ஒரு ராத்திரி இரண்டையும் மாற்றி மாற்றி ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் 'காற்றடிச்சு' என்ற சொல்லின் 'ட'வும் 'ச்'சும் கதவில் காற்று மோதுவதுபோல விழுகின்றன. தமிழில் 'காற்றினிலே' என்று நீளும்போது அதே மெட்டு வெளிச்சத்தைப் பறிகொடுத்த ஒருவரின் புலம்பலாகிவிடுகிறது. கண்ணதாசன் ஏற்கெனவே இருந்த மெட்டுக்கு எழுதினார். மெட்டுக்குப் பாட்டு என்பதை ஒத்துக்கொள்ளாதவரின் மிகப் பெரிய தமிழ்ப் பாட்டு அந்த வழியில்தான் வந்தது. வாழ்க்கை இப்படித்தான் சமயத்தில் ஆளைக் கிண்டல் செய்யும்.

1971இல் 'அன்னை வேளாங்கண்ணி'. 'நீலக்கடலின் ஓரத்தில்' டி.எம். சௌந்தரராஜனும் மாதுரியும், 'வானமெனும் வீதியிலே' யேசுதாஸும் மாதுரியும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே இந்த இரண்டு பாட்டும் சுழற்சியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதே வீட்டு வாசலில் டிசம்பரில் இன்னொரு கூட்டம் இருமுடியோடு நின்று தண்ணீர் குடித்துப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

மாதுரியைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சிக்காரர், தாய்மொழி தமிழ். மலையாளம் தெரியாத அவரைக் கூட்டிவந்து, எழுத்தெழுத்தாக உச்சரிப்பு சொல்லிக்கொடுத்து, 1969இல் 'கடல்ப்பாலம்' படத்தில் 'கஸ்தூரி தைலமிட்டு' பாட வைத்தார். பிறகு நூற்றுக்கணக்கான பாட்டுகள் கொடுத்தார். சுசீலாவும் ஜானகியும் இருக்கும்போது இவருக்கு ஏன் இத்தனை என்று அப்போதே பேச்சு இருந்தது, இப்போதும் இருக்கிறது. என்னைக் கேட்டால், சில பாட்டுகளில் அந்தக் கேள்வி நியாயம்தான். ஜானகி பாடியிருந்தால் இன்னும் நுணுக்கமாக இருந்திருக்குமே என்று தோன்றும். ஆனால் மாதுரியின் குரலில் ஒரு நாடக மேடைத் தனம் உண்டு, திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதை வைத்துப் பார்த்தால் அவருக்கு அது ஏன் பிடித்தது என்று புரிகிறது.

பாடகர் பி. ஜெயச்சந்திரனுக்கு 'மஞ்ஞலயில் முங்ஙித் தோர்த்தி' என்ற பாட்டை 1966இல் கொடுத்துப் பெயர் வாங்க வைத்ததும் இவர்தான். அதே ஜெயச்சந்திரன் 'ஸ்ரீநாராயண குரு' படத்தில் குருவின் சிவ ஸ்துதியைப் பாடித் தேசிய விருது வாங்கினார், இசை மறுபடியும் நம் நாத்திகர். பிற்பாடு இசையமைப்பாளரான எம்.கே. அர்ஜுனன் இவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர். திருச்சூரிலிருந்து ஜான்சனை 1974இல் சென்னைக்கு அழைத்துவந்தவர் இவர், அந்த ஜான்சன் இசையமைப்பாளராகி எண்பதுகளில் மலையாளப் பாட்டின் முகத்தையே மாற்றினார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, சிரிக்காத முகம், ஒத்திகையில் தப்பு விட்டால் யாராக இருந்தாலும் திட்டு. அன்றைக்குப் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்த காலம், யாராவது ஒருவர் சொதப்பினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கண்டிப்புக்குக் குணம் மட்டும் காரணம் இல்லை.

வயலார் போனதும் ஒரு பக்கம் சாய்ந்தது. யூசுபலி கேச்சேரி, ஓ.என்.வி., ஸ்ரீகுமாரன் தம்பி என்று நல்ல கவிஞர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் எழுபதுகளின் கடைசியில் மெட்டு முதலில் என்ற வழக்கம் மலையாளத்திலும் வந்துவிட்டது. படத்துக்கு எத்தனையோ நாள் முன்பே கேசட் வர வேண்டும், கவிஞர் எழுதி வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, தாளக் கட்டுக்கும் புது வாத்தியங்களுக்கும் மவுசு. இவர் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை, படங்கள் குறைந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட மலையாளப் படங்களில் பெரும்பகுதி எண்பதுக்கு முன்பு செய்தவை. அதற்கப்புறமும் இயக்குநர் அரவிந்தனின் 'சிதம்பரம்' (1985) உண்டு, 1987இல் 'நீயெத்ர தன்ய' படத்தில் ஓ.என்.வி. எழுதிய 'அரிகில் நீ உண்டாயிருந்நெங்கில்' உண்டு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்று ஒரே ஒரு ஏக்கத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு. முப்பத்தைந்து வருஷம் முன்பு அரிவாள் நிலாவைப் பற்றி எழுதிய அதே கவிஞர், அதே இசையமைப்பாளர். பழைய சினேகிதர்கள் இரண்டு பேர் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும்.

1999இல் கேரள அரசின் உயரிய திரை விருதான ஜே.சி. டேனியல் விருது கொடுத்தார்கள். கர்நாடக சங்கீத இலக்கணத்தைப் பற்றி மலையாளத்தில் கனமான புத்தகம் எழுதினார். அப்புறம் 'சக்திகாதா' என்ற பெயரில் ஒரு சேர்ந்திசைக் குழு தொடங்கினார். சினிமாவில் பெரிய குரல்கள் எல்லாரையும் பாட வைத்து முடித்த மனிதர் கடைசியில் பிரபலம் இல்லாத நிறையப் பேரை வரிசையாக நிற்க வைத்து, ஒரே குரலில் மலையாளக் கவிதைகளைப் பாடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உச்சரிப்பு தப்பினால் அங்கேயும் திட்டு விழுந்திருக்கும்.